ஃபார்மேட் செய்யவா?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம், தம்பியின் கட்டைவிரலை அக்கா எட்டிப் பிடித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். புதுப் போனின் திரையில், ‘இந்த கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மேட் செய்யவா?’ என்று ஒரு கேள்வி. அடியில் ‘சரி’ என்று ஒரு பச்சைப் பட்டை. விரலுக்கும் பட்டைக்கும் நடுவே மயிரிழை இடம்தான் இருந்தது.

“அதை அமுக்கினா உள்ள இருக்கறது அத்தனையும் அழிஞ்சுடும்டா. படிச்சுப் பாத்துதான் அமுக்கறியா?” என்று கேட்டாள் அக்கா.

தம்பி விரலை உருவிக்கொண்டான். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். தம்பி ஒரு லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கிறவன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில், நாலாவது மாடிக் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்துவிட்டது. உள்ளே காலை வைத்த வாட்ச்மேனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

கம்பெனி ஆட்கள் மொட்டைமாடி அறைக்குப் போய் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கதவு பூட்டியிருந்தால்தான் லிஃப்ட் நகர வேண்டும். அந்தப் பூட்டை ஏமாற்றுகிற மாதிரி ஒரு சாண் சிவப்பு ஒயர் இரண்டு திருகுகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. பழுது எங்கே என்று தேடும்போது மாட்டிவிட்டு, தேடி முடித்ததும் கழற்ற வேண்டிய ஒயர் அது. பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து தம்பியுடையது. முந்தைய நாள் காலை பதினோரு மணி.

அன்றைக்கே தம்பி சஸ்பெண்ட். நான் கழற்றிவிட்டுத்தான் வந்தேன், வேலை முடிந்ததும் பெட்டியைப் போட்டோ எடுத்து வைப்பது என் வழக்கம், அன்றைக்கும் எடுத்தேன் என்று அவன் சொன்னான். போட்டோவைக் காட்டு என்றார்கள். விபத்து நடந்த இடத்தில் பதற்றத்தில் போன் கைநழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்து, திரை நொறுங்கிப் போயிருந்தது. மெமரி கார்டை மட்டும் உருவி வைத்திருந்தான். அந்த கார்டைத்தான் புதுப் போன் ஏற்க மாட்டேன் என்கிறது.

விசாரணை இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே கம்பெனியில் அக்காவின் வீட்டுக்காரர் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷ சர்வீஸ். தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான்.

காலை ஆறு மணிக்கே அக்கா மேஜைக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை வட்டமாக வெட்டி ஃபிரேமுக்குள் உட்கார வைப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலை சுற்றும். அதனால் சின்னப் பொருளைக் கண்டு அவள் மிரள மாட்டாள்.

போனை அணைத்தாள். குண்டூசி மாதிரி இருந்த கம்பியை ஓட்டையில் குத்தி, கார்டு உட்காரும் தட்டை வெளியே இழுத்தாள். விரல் நகத்தளவு கார்டு. அதன் அடியில் பொன்னிறத்தில் எட்டுக் கோடுகள். லென்ஸ் துடைக்கிற துணியால் ஒவ்வொரு கோட்டையும் துடைத்து, தூசியை ஊதி, திரும்பப் போட்டு, போனை உயிர்ப்பித்தாள்.

ஃபார்மேட் செய்யவா?

தன்னுடைய போனில் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதே கேள்வியைத்தான் கேட்டது. இரண்டு போன் ஒரே பாட்டைப் பாடினால் குறை போனில் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. கார்டு கெட்டுவிட்டதா, இல்லை வேறு ஏதாவதா என்பதுதான் விளங்கவில்லை.

வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று முகம் வழித்துக் கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வீட்டில் பேசுவது குறைந்துபோயிருந்தது. மச்சானுக்காகக் கவலைப்படுகிறார் என்று அக்கா நினைத்திருந்தாள். கம்பெனிக்கும் மச்சானுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன் வேறு என்ன செய்வார் என்று அவர் பக்கமே நியாயமும் பேசியிருந்தாள்.

“அதை விட்டுடு. கார்டு போச்சுன்னா போகட்டும். விசாரணையில நான் ஏதாவது சொல்லிப் பாக்கறேன்” என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

என்ன சொல்வீர்கள் என்று அவள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிட்டார். சாப்பாட்டு டப்பா மேஜைமேலேயே இருந்தது.

அக்கா கடைக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். தம்பியை எழுப்பினாள்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் செல்போன் பழுது பார்க்கிற கடை. அதை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் பட்டை கட்டிய பூதக்கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு இடுக்கி. வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் இடுக்கியம்மாதான். தலையில் மாட்டியிருந்த லென்ஸை அக்காதான் அளவு பார்த்துச் செய்து கொடுத்தவள். அதனால் முறை வைத்து நிற்கத் தேவையில்லாமல் உட்கார ஸ்டூல் கிடைத்தது.

இடுக்கியம்மா முதலில் கேட்டது, “ஃபார்மேட்னு கேட்டப்போ சரின்னு அமுக்கினீங்களா?” என்பதுதான். இல்லை என்று அக்கா சொன்னதும், “நல்ல காலம்” என்று சொல்லிவிட்டு கார்டை ஒரு ரீடரில் செருகி கம்ப்யூட்டரில் மாட்டினார்.

கம்ப்யூட்டருக்கு கார்டு தெரிந்தது. முப்பத்திரண்டு ஜிபி என்று அளவுகூடச் சரியாகச் சொன்னது. ஆனால் உள்ளே இரண்டு பாகமாகப் பிரிந்திருந்தது. ஒன்று துளியூண்டு. மற்றது பெரியது. பெரியதைத் திறந்தால் பெயர் இல்லாத வெற்றிடம்.

இடுக்கியம்மா பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொண்டு தம்பியைப் பார்த்தார். பழைய போனில் இந்த கார்டை முதல்முதலாகப் போட்டபோது அது ஏதாவது கேட்டதா என்றார். தம்பி யோசித்தான். போனில் இடமே இல்லாமல் போட்டோ எடுக்க முடியாமல் இருந்த சமயம். கார்டை போன் நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளவா என்று கேட்டது. இடம் கிடைத்தால் சரி என்று அமுக்கியதாக ஞாபகம்.

“அதான். அந்த போன் இதை விருந்தாளியா வச்சுக்கல. வீட்டு ஆளாவே சேத்துக்கிச்சு. எழுதினது எல்லாத்தையும் பூட்டிப் பூட்டி எழுதியிருக்கு. சாவி இதுல இல்ல. அந்தப் பழைய போனுக்குள்ள இருக்கு. வேற எந்த போன்ல போட்டாலும் ஒண்ணும் புரியாம, அழிச்சுடவான்னுதான் கேக்கும்.”

கார்டு கெடவில்லையா என்று அக்கா கேட்டாள். கார்டு திடகாத்திரமாக இருக்கிறது என்றார் இடுக்கியம்மா. பழைய போன் வேண்டும், அவ்வளவுதான். திரை உடைந்திருந்தால் பரவாயில்லை, வேறு திரை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் யாராவது அந்த போனில் இருப்பதையெல்லாம் அழித்து, கடையில் புதிதாக வாங்கின மாதிரி ஆக்கியிருந்தால் சாவியும் அதோடு போயிருக்கும். அப்புறம் எந்த ஊர் நிபுணர் வந்தாலும் கையை விரிக்க வேண்டியதுதான்.

“போன் எங்கடா?” என்றாள் அக்கா.

சஸ்பெண்ட் ஆன அன்றைக்குக் கருவிப் பையைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டான். உடைந்த போன் அந்தப் பையின் பக்கவாட்டு உறைக்குள்ளேயே கிடந்தது. பை யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு தம்பி இடுக்கியம்மாவின் கம்ப்யூட்டரையே பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு, மாமாவின் பீரோவில் என்றான்.

விசாரணை முடியும் வரை தம்பி கம்பெனி வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் அவன் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றுகொண்டான். அக்கா மட்டும் உள்ளே போனாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது இரண்டு மூன்று முறைதான். நீளமான தகரக் கொட்டகை. ஒரு ஓரத்தில் இரும்புக் கயிற்றுச் சுருள்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. கிரீஸ் வாசனை மூக்கைத் துளைத்தது. கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் அதைத் தாண்டி, கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறையில் பதிவேடு எழுதிக் கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், யாரோ மேலதிகாரி வந்த மாதிரி.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கார்டு கெடவில்லை, பழைய போன் இருந்தால் திறக்கும், போன் உங்கள் பீரோவில் வைத்த அவன் பையில் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுங்கள் என்றாள்.

விசாரணை முடியும் வரை பையைத் திறக்கக் கூடாது என்பது விதி என்றார் அவர். பையைத் திறக்க வேண்டாம், பக்கத்து உறையில் கையை விட்டு போனை மட்டும் எடுங்கள் என்றாள் அவள். அது கருவி இல்லை, அவனுடைய சொந்தப் பொருள். அதற்கும் விதி இருக்கிறதா என்று கேட்டாள்.

அவர் பீரோ சாவியைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. சாவிக்கொத்தை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு கேட்டார்.

“அந்த போன்ல படம் இருந்தா, எடுத்த நேரமும் காட்டுமா?”

“காட்டும்னு அந்த அம்மா சொன்னாங்க. மணி, நிமிஷத்தோட.”

“எல்லாப் படத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்தான். ஏன்?”

வெளியே யாரோ இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையில் போட்டார்கள். அந்த ஓசை அடங்கியதும் அவர் பீரோவைத் திறந்தார். நொறுங்கின போனை, எண்ணெய் துடைக்கிற பஞ்சுக்கழிவில் சுற்றி அவள் கையில் வைத்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டி, உடைந்த செல்போன் ஒன்று, உரியவரின் சகோதரியிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். எழுத்து எப்போதும்போல் அச்சடித்த மாதிரி இருந்தது.

“பாத்துப் போ. குத்தப் போகுது” என்றார்.

இடுக்கியம்மா போனைச் சார்ஜில் போட்டார். பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. தம்பி நகத்தைக் கடித்துக் கொண்டிருந்தான். அப்புறம் மேஜைமேல் அது ஒரு தரம் அதிர்ந்தது.

“உசுரு இருக்கு. முகம்தான் இல்ல” என்றார் இடுக்கியம்மா.

முகம் இன்னொரு போனிலிருந்து வந்தது. அதே மாடல், தண்ணீரில் விழுந்து செத்துப்போன ஒன்று டப்பாவில் கிடந்தது. அதன் திரையைச் சூடு காட்டிப் பிரித்து, நாடா மாதிரியான இணைப்பை இடுக்கியால் பிடித்துப் பழைய போனின் வயிற்றில் மாட்டினார். ஒட்டவில்லை, சும்மா பொருத்தியதுதான். யாரும் மேஜையை ஆட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கார்டை அதன் பழைய இடத்தில் போட்டு, புள்ளிகளை இணைத்துப் போனைத் திறக்கும் கோட்டைத் தம்பியை வரையச் சொன்னார்.

தம்பி வரைந்தான். விரல் வியர்வையில் ஒருமுறை தப்பியது. இரண்டாவது தரம் திறந்தது.

‘கார்டைச் சரிபார்க்கிறது’ என்று ஒரு வரி வந்தது. சுழன்றது. இந்த நேரத்தில் பொறுமை இல்லாமல் கார்டை உருவித்தான் பாதிப் பேர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று இடுக்கியம்மா பொதுவாகச் சொன்னார். யாரும் உருவவில்லை. சுழல்வது நின்று படங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

தம்பி விரலால் தள்ளித் தேடி எடுத்தான். கன்ட்ரோல் பெட்டி, கதவு திறந்த நிலையில். திருகுகள் வரிசை. குறுக்கே எந்த ஒயரும் இல்லை. அக்கா விவரத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலை பதினொன்று ஏழு.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“இந்த ஒரு படம் போதும். இதை மட்டும் எடுத்துக் கொடுங்கம்மா, போதும்” என்றான் தம்பி. சொன்ன வேகம் அவனுக்குப் பொருந்தவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவும் பார்த்தான்.

நாள் முழுக்க லென்ஸில் கீறல் தேடுகிற கண் அவளுடையது. வரிசையில் அடுத்த சின்னப் படத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்ததை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். தம்பியின் கையை விலக்கிவிட்டு அதைத் தொட்டாள்.

அதே பெட்டி. அதே திருகுகள். இரண்டுக்கும் நடுவே சிவப்பு ஒயர். இது தம்பி எடுத்த படம் இல்லை. வேறு யாரோ அவனுக்கு அனுப்ப, போன் தானாகவே சேமித்து வைத்தது. அதே நாள். இரவு ஏழு ஐம்பத்திரண்டு.

“யாருடா அனுப்பினது?”

இடுக்கியம்மா எழுந்து, கடை வாசலில் நின்றிருந்த வேறொருவரிடம் பேசப் போனார். அங்கே அவருக்கு அவசரமாக ஒன்றும் இருக்கவில்லை.

“மாமா” என்றான் தம்பி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கு மாலை லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. குடியிருந்தவர்கள் சூப்பர்வைசரையே நேராகக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பிய மாமா, போகிற வழிதானே என்று தானே ஏறிப் போனார். பதிவேட்டில் எழுதவில்லை. பூட்டில் குறையா என்று பார்க்க ஒயரை மாட்டிவிட்டு, சரியான திருகுதானா என்று கேட்டுப் படம் அனுப்பினார். சரிதான், சோதனை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள் மாமா என்று இவன் பதிலும் போட்டான். லிஃப்ட் ஓடியது. அவர் இறங்கி வந்துவிட்டார். ஒயர் அங்கேயே இருந்துவிட்டது.

அக்காவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. எட்டு மணிக்கு அவள்தான் அவருக்குப் போன் போட்டாள். இன்னும் எங்கே இருக்கிறீர்கள், வரும்போது ரொட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவர் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அவள் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இதெல்லாம் தெரிந்துமா பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?

“அவரே சொல்லுவார்னு பாத்தேன். தினமும் பாத்தேன். அவருக்குப் பதினெட்டு வருஷம், எனக்கு மூணு. நான் வேற வேலை தேடிக்கலாம். அவருக்கு இந்த வயசுல யாரு குடுப்பா? நீ வேற நடுவுல.”

“அப்போ நேத்து அந்த ‘சரி’யை...”

“படிச்சுட்டுத்தான் அமுக்கப் போனேன் அக்கா.”

அவளுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கமாக வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் தான் ஒருத்தி கார்டைத் துடைத்து ஊதிக்கொண்டிருந்ததை நினைத்தபோது முகம் எரிந்தது. எல்லாப் படத்துக்கும் நேரம் காட்டுமா என்று அவர் கேட்டது காதிலேயே நின்றது. தெரிந்தே கேட்டார். தெரிந்தே கொடுத்தார். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கால் கட்டோடு படுத்திருக்கும் அந்த வாட்ச்மேனை அவள் பார்த்ததுகூட இல்லை.

இடுக்கியம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். போனில் சார்ஜ் ஏறியது போதும், கம்ப்யூட்டரில் மாட்டிப் படத்தை இறக்கிவிடலாம் என்றார். எந்தெந்தப் படம் வேண்டும் என்று கேட்டார். யார் முகத்தையும் பார்க்காமல்தான் கேட்டார்.

“காலைல எடுத்தது மட்டும்” என்றான் தம்பி.

“ரெண்டும்” என்றாள் அக்கா. “அது கூட வந்த பேச்சும்.”

தம்பி அவள் கையைப் பிடித்தான். அவள் அதை மெதுவாக விலக்கினாள். அரை உண்மையைக் கொண்டுபோனால், அடுத்து யார் மாட்டியது என்றுதான் கேட்பார்கள், அப்போது எந்த அப்பாவியின் பெயர் வரும் என்று உனக்குத் தெரியுமா என்றாள்.

கம்பி வழியாகப் படங்களும் அந்தப் பேச்சும் இறங்கின. இடுக்கியம்மா அவற்றைப் புது கார்டு ஒன்றில் ஏற்றி, அதைத் தம்பியின் புதுப் போனில் போட்டுச் சரிபார்த்தார். இந்த முறை போன் கேட்டபோது, கழற்றி மாட்டும் கார்டாகவே இருக்கட்டும் என்பதைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எந்த போனில் போட்டாலும் இனி இது திறக்கும் என்றார். பிறகு கார்டைச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடினார். பழைய போன், மாட்டிய திரையோடு, கடையிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

மணி ஒன்றே முக்கால்.

இரண்டரை மணிக்கு அக்காவும் தம்பியும் கம்பெனி வாசலுக்கு வந்தபோது வீட்டுக்காரர் சைக்கிள் நிறுத்தத்தின் பக்கம் தனியாக நின்றிருந்தார். சட்டையை மாற்றியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

தம்பி சற்றுத் தள்ளியே நின்றான். அக்கா பெட்டியை நீட்டினாள்.

“இதுல ரெண்டு படம் இருக்கு. நான் உள்ள வர மாட்டேன். இவனும் தானா எதுவும் சொல்ல மாட்டான். குடுக்கறது நீங்கதான்.”

அவர் பெட்டியைப் பார்த்தார், வாங்கவில்லை. தினமும் வாய் வரைக்கும் வந்தது என்றார். சஸ்பெண்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் வந்தது. ஒருநாள் தள்ளிப்போனதும் அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது, அதற்கடுத்த நாள் அதைவிட. இப்படியே பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

“காலைல நீ வந்தப்போ அந்த போனை நான் குடுக்காம இருந்திருக்கலாம்” என்றார்.

“தெரியும். அதனாலதான் இதை ஆபீசர் மேஜைல வைக்காம உங்க கையில குடுக்கறேன்.”

அவர் வாங்கிக்கொண்டார். சட்டைப்பையில் போட்டார். தம்பியின் பக்கம் திரும்பி, அவன் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

சைக்கிள் நிறுத்தத்தில் உட்கார ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்று அடித்தது. மூன்றேகால் ஆனது.

“அவர் குடுக்கலேன்னா?” என்றான் தம்பி.

“பழைய போன் கடைல இருக்கு.”

“குடுத்தா?”

அவள் செருப்பில் ஒட்டியிருந்த கிரீஸைத் தரையில் தேய்த்தாள். வேலை போகலாம். வழக்கு வரலாம். கண்ணாடிக் கடைச் சம்பளத்தில் வீடு ஓடுமா என்ற நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதைத் தள்ளிவைத்தாள்.

மூன்று இருபதுக்கு ஒருவர் வந்து தம்பியைக் கூப்பிட்டுப் போனார். கால்மணி நேரத்தில் அவன் திரும்பி வந்தான். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்களாம். சொல்லும்போது அவன் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. மாமாவை எதுவும் கேட்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை என்றான். இவன் உள்ளே போவதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிட்டிருக்கிறார். மூன்று பக்கம். படத்தைக் கடைசியில்தான் காட்டினாராம்.

நாலு பத்துக்கு அவர் வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை. மறு உத்தரவு வரும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மற்றது மேலிடம் முடிவு செய்யுமாம். இதை அவர் ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

வீட்டுக்குப் போகலாம் என்று அக்கா எழுந்தாள்.

“நீங்க போங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

இதுவரை ஒரு தரமாவது போயிருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். இரண்டு தரம் போனதாகவும், கீழ்த்தளத்து வரவேற்பு வரை போய்த் திரும்பிவிட்டதாகவும் சொன்னார்.

அக்கா தம்பியை வீட்டுக்கு அனுப்பினாள். அவள் அவரோடு நடந்தாள். கோபம் அப்படியே இருந்தது, குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் அவர் ரோட்டைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்க்காமல் இறங்க, அவள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பகுதி மூன்றாவது மாடி. லிஃப்ட் திறந்தே நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அவளும் பின்னாலேயே ஏறினாள். மூன்று மாடியும் ஏறி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் கதவுகள். நர்ஸிடம் கேட்டபோது கடைசி அறையைக் காட்டினாள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலின் கால்மாட்டில், தூக்கிக் கட்டிய ஒரு மாவுக்கட்டு மட்டும் தெரிந்தது.

அவர் தட்டுவதற்குள் கதவு திறந்தது. வாட்ச்மேனின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். கையில் ஈரத்துண்டு. பன்னிரண்டு நாள் தூக்கம் கெட்ட கண்கள். அவள் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருங்க நீங்க? கம்பெனியா?”

கம்பெனிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். அதில் பொய்யும் இல்லை. அவர் அப்படித்தான் சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“அந்த ஒயரைக் கழற்றாம விட்டுட்டு வந்தவன் நான்தாம்மா” என்றார் அவர்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அந்தப் பெண் கதவைச் சாத்தவில்லை. வழியும் விடவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் திரும்பி, “கேட்டீங்களா?” என்றாள் புருஷனிடம்.